நீளம் காணாது

வெல்லாவெளி றோட்டில் தண்ணி ஏறிற்றாம்,
பஸ் பட்டிருப்புப் பாலத்தோடு திரும்புதாம்.
கந்தோருக்குப் போன் பண்ணி லீவு சொல்லிவிட்டு
அலுமாரிக்கு மேலிருந்த உரப்பையை இறக்கினேன்.
பல்லி முட்டை இரண்டு, கற்பூர உருண்டை மணம்,
அடியில்
நான் நாளைக்கு என்று சொன்னதெல்லாம்.

ஒற்றைக் கை வைத்த சட்டை.
மற்றக் கை வெட்டியே கிடக்கிறது,
அதற்குள் நுழையும் கைதான்
இப்போது என்னிடம் இல்லை.
பழைய வாடகை வீட்டு யன்னலுக்கு அளந்த திரை.
அந்த யன்னலைக் கல் வைத்துக் கட்டிவிட்டார்கள்.
பத்மசீலனின் சேட்டுக் கொலர்,
திருப்பித் தைத்துத் தருகிறேன் என்று கழற்றியது;
சேட்டு எப்போதோ சைக்கிள் துடைத்து முடிந்தது.
மனுசன் எட்டிப் பார்த்து,
"உடம்பு போயிட்டு, கழுத்து இருக்கு" என்றார்.

மறுகா, அது.

சுகிர்தாவுக்கு ஏழு மாதமாயிருக்கையில் தொடங்கியது.
மருதமுனைக் கைத்தறி வெட்டுத்துண்டு,
கல்முனைச் சந்தையில் கிலோக்கணக்கில் நிறுத்து வாங்கியது.
கடுகு மஞ்சள், கத்தரிப்பூ நீலம்,
சாயம் சரியாய் ஏறாத ஒரு பச்சை.
சதுரம் சதுரமாய்ப் பதினொரு வரிசை.
பிள்ளை பொறுக்கவில்லை, எட்டிலேயே வந்துவிட்டான்.
அந்தப் பங்குனியில் படுவான்கரைச் சனம்
ஷெல்லுக்குப் பயந்து பாலத்தால் வந்தது;
எங்கள் விறாந்தையிலும் நாலு குடும்பம்.
வேணி என்றொரு புள்ள, கைக்குழந்தையோடு.
விரிக்க ஒன்றும் இல்லையென்று
ஊசி தொங்கத் தொங்க இதைத்தான் கொடுத்தேன்.
ஊசியைக் கழற்றினேனா என்று
இரவு மூன்று தரம் எழும்பிப் பார்த்த ஞாபகம்.

போகும்போது தோய்த்து மடித்துத் தந்தாள்.
நான் விரித்துப் பார்க்கவில்லை.
பதினேழு வருசம்.

இன்றைக்கு யன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன்:
பன்னிரண்டு வரிசை.
விரல் வைத்து எண்ணி, திரும்பவும் எண்ணினேன்.
கடைசி வரிசை என் தையல் இல்லை.
நெல்லு நெல்லாய் நீளத் தையல், சிவப்பு நூல்,
மூலையெல்லாம் கோணல்.
ஒரு சதுரம் கைத்தறியே இல்லை,
யாரோ சின்னப்பிள்ளையின் பூப்போட்ட சட்டைத்துணி.

என் தையலில் வேறு ஆள் கை வைத்தால் எனக்குப் பிடிக்காது.
பிளேட்டை எடுத்தேன். முதல் முடிச்சை அறுத்தும் விட்டேன்.
மறுகா அதே இடத்தில் திரும்ப முடிந்து
பிளேட்டைக் கொண்டுபோய்க் குசினிக்குள் வைத்தேன்.
கந்தோரில் ஒரு நாளைக்கு ஐம்பது பேர்
பிறப்புச் சான்றிதழுக்கு என் முன்னால் நிற்கிறார்கள்.
வேணியும் வந்திருப்பாள்.
நான் தலை நிமிராமல்
"கையெழுத்து இதில" என்றிருப்பேன்.

கரண்ட் போனது. மிதி மெசினுக்கு அது பொருட்டில்லை.
பள்ளிக்கூடம் பூட்டியதால் வந்து கிடந்த ஜதுர்சனை
பாயில் படுத்திருந்தபடியே போர்த்திப் பார்த்தேன்.
"நீளம் காணாது பெரியம்மா, முழங்காலோடு நிக்குது."
"உன்னை ஆர் வளரச் சொன்னது?"

யன்னல் திரை முழுசும் காலடிக்குப் போயிற்று.
சட்டைக் கையையும் வெட்டலாமென்று எடுத்து
வைத்துவிட்டேன்.
ஆர் கண்டது, மெலியலாம்.

விளிம்பு மடித்து நாலாம் பக்கம் வரும்போது
நூல்கட்டை வெறுங்கட்டையாய்ச் சுழன்றது.
நாலு விரல் மிச்சம்.
கடைத்தெருவில் முழங்கால் தண்ணி.
ஊக்கொன்று குத்தி மேசையில் வைத்துவிட்டு
தேத்தண்ணி ஊற்றி வர, போர்வையைக் காணோம்.
தலைவரை இழுத்து மூடிக் கிடக்கிறான்,
பாதம் இரண்டும் வெளியே.

"ஊக்கிருக்கு, கவனம்."
"எந்தப் பக்கம்?"
"சிவப்புத் தையலுக்கு எதிர்ப்பக்கம்."
போர்வைக்குள்
அவன் கை தடவித் தடவிப் போகிறது.